உப்புநீரும் பிளாட்டினமும்

கீமோ வார்டில் துணைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். காலையிலேயே ஊசி குத்தி பாட்டிலை மாட்டிவிடுகிறார்கள். ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. "மருந்து எப்போ சிஸ்டர் ஏத்துவீங்க?" என்று கேட்டால், "இது இன்னும் போகட்டும்" என்று பதில் வரும். மதியத்துக்கு மேல் ஒருவழியாக மருந்து ஏறும். அது முடிந்ததும் மறுபடியும் சலைன். வீட்டுக்குப் போகும்போது, "நாள் முழுக்க உப்புத் தண்ணிதான் ஏத்தினாங்க" என்று நோயாளியே சலித்துக்கொள்வார்.

ஏறியது சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்து என்றால், அந்த உப்புத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பிளாட்டினம் மருந்தாக மாறியதில் வேதியியலாளர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, சாதாரண உப்புக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு. கண்டுபிடிப்பில், மருந்து வேலை செய்யும் விதத்தில், சிறுநீரகத்தைக் காப்பதில், அடுத்த தலைமுறை மருந்துகளை வடிவமைத்ததில் என்று திரும்பிய பக்கமெல்லாம் அந்த உப்பிலுள்ள குளோரைடு வந்து நிற்கிறது.

முதலில் அந்தச் சேர்மத்தைப் பார்த்துவிடுவோம். சிஸ்பிளாட்டின் மூலக்கூறில் மொத்தமே பதினோரு அணுக்கள்தான். நடுவில் ஒரு பிளாட்டினம், அதைச் சுற்றிச் சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. புற்றுநோய் மருந்துகளில் கார்பனே இல்லாத ஒன்றைக் காண்பது அபூர்வம், இது அப்படிப்பட்டது. 1844-இல் மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலிய வேதியியலாளர் இதை முதன்முதலில் தயாரித்தார். நீண்ட காலம் 'பெய்ரோனே உப்பு' என்றே இதற்குப் பெயர். அவர் மருந்து எதையும் தேடவில்லை. வேறொரு பிளாட்டினம் உப்பைத் தயாரிக்கப் போய், மஞ்சளாக இது கிடைத்தது.

பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு வெர்னர் பெயர் நினைவிருக்கும். அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் வருபவர். சுவிட்சர்லாந்தில் இருந்த ஆல்ஃபிரட் வெர்னர்தான் 1893-இல், இந்த உப்பின் நான்கு கைகளும் ஒரே தளத்தில் சதுரமாக விரிந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். குளோரைடுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மூலையில் இருந்தால் ஒருபக்க மாற்றியம். எதிரெதிர் மூலையில் இருந்தால் மறுபக்க மாற்றியம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்த அந்த வேறுபாடுதான், பின்னாளில் மருந்தையும் உதவாக்கரையையும் பிரித்துக் காட்டப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வெர்னருக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெய்ரோனே உப்பு அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு அலமாரியில்தான் கிடந்தது.

அதை வெளியே கொண்டுவந்தவர் வேதியியலாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பார்னெட் ரோசன்பெர்க் ஓர் இயற்பியலாளர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது உள்ளே தெரியும் இழைகளின் படங்கள் அவர் கண்ணில் பட்டன. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து வளைந்து நிற்குமே, அப்படித் தெரிந்தது அவருக்கு. அப்படியானால் மின்புலம் செலுத்தினால் செல் பிரிவதில் ஏதாவது மாறுமா? இயற்பியலாளருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். உயிரியல் படித்தவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

கருவியைச் சரிபார்க்க முதலில் ஈ. கோலை பாக்டீரியாவை வைத்துப் பார்த்தார்கள். அதைச் செய்தவர் அவருடைய ஆய்வகத்தில் இருந்த நுண்ணுயிரியலாளர் லொரெட்டா வான் கேம்ப். மின்முனைக்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்; எதனோடும் வினைபுரியாத, 'சும்மா இருக்கிற' உலோகம் என்று அதற்குப் பெயர். மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. செத்துப்போயின என்று நினைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வேறு கதை. அவை சாகவில்லை. பிரியாமல் வளர்ந்துகொண்டே போய், வழக்கமான நீளத்தைப்போல 300 மடங்குவரை நூலாக நீண்டு கிடந்தன. மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி ஒழுங்காகப் பிரியத் தொடங்கின.

மின்புலம்தான் காரணம் என்று முடிவுகட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். மின்சாரம் பாய்ந்து முடிந்த கரைசலை மட்டும் எடுத்து, புதிய பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தார்கள். மின்சாரமே இல்லாமல் அவையும் நீண்டன. ஆக, கரைசலில்தான் ஏதோ உருவாகியிருக்கிறது. வளர்ப்புக் கரைசலில் அம்மோனியம் குளோரைடு இருந்தது. 'சும்மா இருக்கிற' பிளாட்டினம் மின்சாரம் பாயும்போது துளித்துளியாகக் கரைந்து, அந்த அம்மோனியாவையும் குளோரைடையும் பற்றிக்கொண்டிருந்தது. இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. கடையில் வாங்கிய பிளாட்டினம் உப்பைப் புதிதாகக் கரைத்துக் கொடுத்தால் பாக்டீரியா நீளவில்லை. அதே கரைசல் மேசையில் சில நாள் கிடந்த பிறகு கொடுத்தால் நீண்டது. வெளிச்சம் பட்டு வேதிவினை நடந்திருக்கிறது! வேலை செய்தது எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாக வடிகட்டிப் பார்த்ததில், குளோரைடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஒருபக்க மாற்றியங்கள்தான் பாக்டீரியாவை நீட்டின. மறுபக்க மாற்றியத்துக்கு அந்தத் திறமை இல்லை. 1965-இல் நேச்சர் இதழில் முதல் கட்டுரை வந்தது.

செல் சாகாமல், பிரிவது மட்டும் நிற்கிறது என்றால் அதைப் புற்றுநோயில் போட்டுப் பார்க்கலாமே என்று ரோசன்பெர்க்குக்குத் தோன்றியது. எலிகளில் வளர்த்த கட்டிகளில் சோதித்தார்கள். பெரிதாக வளர்ந்துவிட்ட கட்டிகள்கூடக் கரைந்தன. 1969-இல் இரண்டாவது கட்டுரை வந்தது. அங்கிருந்து பாக்டீரியாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இங்கேதான் உப்பு வருகிறது. நம் ரத்தத்தில் குளோரைடு நிறைய இருக்கிறது. செல்லுக்குள் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான். சுற்றிலும் குளோரைடு நெருக்கும்போது, பிளாட்டினம் தன்னிடமுள்ள இரண்டு குளோரைடுகளை விட்டுவிடுவதில்லை. விட்டாலும் உடனே இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும்வரை மருந்து பெருமளவு உறையில் போட்ட கத்திதான். செல்லுக்குள் நுழைந்ததும் குளோரைடு குறைவு, தண்ணீர் அதிகம். குளோரைடு கழன்று விழ, அந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறு வந்து உட்காருகிறது. தண்ணீரின் பிடி தளர்வானது. இப்போது பிளாட்டினத்துக்கு இரண்டு காலிக் கைகள் இருப்பது மாதிரி.

அந்தக் கைகள் டி.என்.ஏ.வில் உள்ள குவானின் என்ற எழுத்தின் ஒரு நைட்ரஜனைப் பிடிக்கின்றன. பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களை ஒருசேரப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுகின்றன. ஏணி போன்ற டி.என்.ஏ. அந்த இடத்தில் வளைந்துபோகிறது. இந்த வளைவின் வடிவத்தைத் துல்லியமாகப் படம்பிடித்துக் காட்டியதில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டீஃபன் லிப்பர்டு குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. செல் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் முடிச்சில் போய் முட்டி நிற்கிறது. பழுதுபார்க்கும் புரதங்கள் ஓடிவருகின்றன. சரிசெய்ய முடியாவிட்டால் செல் தற்கொலை செய்துகொள்கிறது. மறுபக்க மாற்றியம் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். கைகள் எதிரெதிர்த் திசையில் நீட்டியிருப்பதால் பக்கத்துப் பக்கத்துக் குவானின் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

இதில் புற்றுநோய் செல்லுக்கென்று தனி முகவரி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குவானின் எல்லோருடைய டி.என்.ஏ.விலும் இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்லும், பழுதுபார்க்கத் தெரியாத செல்லும் அதிகமாக அடிபடுகின்றன, அவ்வளவுதான். விரைப் புற்றுநோய் செல்கள் அந்த இரண்டாவது ரகம். பழுதுபார்க்கும் திறன் குறைவு, டி.என்.ஏ. கொஞ்சம் சேதமானாலும் உயிரை விட்டுவிடும் சுபாவம். 1974-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர், உடம்பெங்கும் பரவிவிட்ட விரைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டினை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதுவரை அந்த நிலையில் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான். அவருடைய முதல் தொகுப்பு நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்குக் கட்டிகள் முழுவதும் மறைந்தன. பரவிவிட்ட புற்றுநோயை மருந்தால் குணப்படுத்தலாம் என்று தைரியமாகச் சொல்லவைத்த முதல் சில உதாரணங்களில் இது ஒன்று. 1978 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி கொடுத்தது.

அந்த அனுமதி கிடைக்காமல் போயிருக்கவும் வாய்ப்பு நிறைய இருந்தது. ஆரம்பகாலச் சோதனைகளில் நோயாளிகளின் சிறுநீரகம் பழுதானது. பிளாட்டினம் வெளியேறும் வழியே சிறுநீரகம்தான்; அங்கேயுள்ள நுண்குழாய்களில் தங்கி, அவற்றையும் கொன்றது. கட்டி கரைகிறது, சிறுநீரகம் போகிறது. இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம்? மருந்தைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்கள் 1977-இல் காட்டிய வழி எளிமையானது. மருந்துக்கு முன்னும் பின்னும் நிறைய திரவம் ஏற்றுங்கள், மானிட்டால் கொடுத்துச் சிறுநீரை ஓடவிடுங்கள். பிளாட்டினம் அங்கே தங்க நேரமில்லாமல் கழுவிக்கொண்டு போய்விடும். உப்புநீராக இருப்பதில் இரட்டை நன்மை. அதிலுள்ள குளோரைடு, மருந்தை உறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சிஸ்பிளாட்டினை வெறும் குளுக்கோஸ் நீரில் கலக்காமல் சலைனில் கலப்பதும் இதனால்தான்.

என் பார்வையில் சிஸ்பிளாட்டினின் உண்மையான கண்டுபிடிப்பு 1965-இல் பாதி, 1977-இல் பாதி. மூலக்கூறுக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசிகூட அதைக் கொடுக்கும் முறைக்குக் கிடைப்பதில்லை. இன்றும் சிஸ்பிளாட்டின் போடுமுன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் பார்க்கிறார்கள், மக்னீசியம் பார்க்கிறார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொல்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலை எல்லாம் சேர்த்துத்தான் மருந்து.

வாந்தி தனிக்கதை. சிஸ்பிளாட்டின் அளவுக்கு வாந்தியைக் கிளப்பும் மருந்து கீமோவில் அரிது. சாவதற்குத் தயார், இன்னொரு சுற்று வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. 1991-இல் ஆன்டான்செட்ரான் வந்தபிறகுதான் அந்தக் கொடுமை அடங்கியது. இன்று குழந்தைகளுக்குப் பேருந்து வாந்திக்கும் வயிற்றுப்போக்கு வாந்திக்கும் எழுதிக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரைதான், கீமோவுக்காகப் பிறந்தது.

காது கேளாமை அவ்வளவு எளிதாக அடங்கவில்லை. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை போனால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. கீச்சென்ற உயர் ஒலிகள் முதலில் மறைகின்றன. பெரியவர்கள் சமாளித்துவிடுவார்கள், பேசக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது படிப்பையே பாதிக்கும் இழப்பு. உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து பிளாட்டினம் மெல்ல மெல்ல வெளியேறினாலும், உட்செவியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது என்று 2017-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. விரைப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் 20 ஆண்டுகள் கழித்தும் நுண்ணளவு பிளாட்டினம் தென்பட்டிருக்கிறது.

இதற்குக் கிடைத்த விடையிலும் நேரக்கணக்குதான் சூட்சுமம். பிளாட்டினத்துக்குக் கந்தகம் என்றால் அத்தனை பிரியம். சோடியம் தயோசல்பேட் என்ற கந்தக உப்பைக் கொடுத்தால் அது பிளாட்டினத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் முன்கூட்டியே கொடுத்தால் கட்டியைத் தாக்கவேண்டிய பிளாட்டினமும் வீணாகும். எனவே மருந்து ஏறி ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் கட்டி வந்த குழந்தைகளில் நடந்த சோதனையில், காது பாதிக்கப்பட்டவர்கள் 63 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தார்கள். முடிவு 2018-இல் வெளியானது. 2022-இல் அமெரிக்காவில், பரவாத திடக் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது.

மருந்தைக் கொடுக்கும் முறையை மாற்றியவர்கள் ஒரு பக்கம் இருக்க, மருந்தையே மாற்ற முயன்றவர்கள் ஆயிரக்கணக்கான பிளாட்டினம் சேர்மங்களைத் தயாரித்துப் பார்த்தார்கள். உலகம் முழுவதும் பரவலாக நிலைத்தவை மொத்தம் மூன்றுதான். ஜப்பானில் நெடாபிளாட்டின், சீனாவில் லோபாபிளாட்டின் என்று அந்தந்த நாட்டு எல்லைக்குள் நின்றுபோனவை வேறு.

கார்போபிளாட்டின், லண்டனில் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும், பிளாட்டின வணிகத்தில் ஊறிய ஜான்சன் மேத்தி நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தது. அவர்கள் கைவைத்தது குளோரைடில். இரண்டு குளோரைடுகளையும் எடுத்துவிட்டு, பிளாட்டினத்தை இரு இடங்களில் கவ்விப் பிடிக்கும் ஒரு கரிம வளையத்தை வைத்தார்கள். அது கழல அதிக நேரமாகும். மெதுவாகக் கழல்வதால் சிறுநீரகமும் காதும் பெரும்பாலும் தப்பித்தன, வாந்தியும் குறைந்தது. அடி இப்போது எலும்பு மஜ்ஜைமேல் விழுந்தது, தட்டணுக்கள் குறைந்தன. இதிலும் ஓர் அழகான கணக்கு பிறந்தது. உடல் பரப்பை வைத்து அளவு போடாமல், அந்த நோயாளியின் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதை வைத்துப் போடும் சூத்திரத்தை ஹிலரி கால்வர்ட் 1989-இல் தந்தார். இன்றும் கால்வர்ட் சூத்திரம்தான்.

ஆக்சாலிபிளாட்டின் ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிடானி 1970களில் உருவாக்கியது. 1996-இல் பிரான்சிலும் 2002-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சிஸ்பிளாட்டின் எட்டிக்கூடப் பார்க்காத பெருங்குடல் புற்றுநோயில் இது வேலை செய்தது. அம்மோனியாக்கள் இருந்த இடத்தில் பெரிய வளையம் ஒன்று இருப்பதால் டி.என்.ஏ.வில் போடும் முடிச்சின் வடிவமே வேறு. இதன் பக்கவிளைவும் விசித்திரம். மருந்து ஏறிய சில நாட்களுக்கு ஜில்லென்ற எதையும் தொட முடியாது. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலைப் பிடித்தால் விரல்களில் ஷாக் அடிப்பது மாதிரி இருக்கும். குளிர்ந்த மோர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டது போலத் தோன்றும். சென்னை வெயிலில் ஐஸ் வாட்டர் குடிக்காதே என்பது சாதாரணக் கட்டுப்பாடா என்ன? இன்னொன்று: இந்த மருந்தை சலைனில் கலக்கவே கூடாது. குளோரைடு போய் அதன் ஆக்சலேட் பகுதியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் குளுக்கோஸ் நீர்தான். அண்ணனுக்கு உப்பு உயிர், தம்பிக்கு ஆகாது.

நம் ஊருக்கு இந்த மருந்துகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே அதிகம் வரும் இரண்டு புற்றுநோய்களுக்கு இதுதான் முதுகெலும்பு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினையும் சேர்த்தால் இறப்பு ஆபத்து 30 முதல் 50 சதவீதம்வரை குறைகிறது என்று ஐந்து பெரிய சோதனைகள் காட்டின. 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கட்டுரைகள் அச்சாகும்வரை காத்திராமல் மருத்துவர்களுக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்பியது. வாய், தொண்டைப் புற்றுநோய்களிலும் கதிர்வீச்சின் துணைவன் இதுவே. அங்கே மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவா, வாரம் ஒருமுறை சின்ன அளவா என்பது பல வருடச் சண்டை. நெரிசலான மருத்துவமனையில் வாராந்திர அளவு வசதி; படுக்கை தேவையில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 300 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையில் வாரம் 30 மில்லிகிராம் தோற்றது: இரண்டு ஆண்டுகளில் நோய் அந்த இடத்திலேயே கட்டுக்குள் இருந்தது 58.5 சதவீதம் பேருக்கு; மூன்று வாரத்துக்கு 100 மில்லிகிராம் பெற்றவர்களில் 73.1 சதவீதம். பிறகு ஜப்பானில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் வாரம் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் அது பின்தங்கவில்லை. வாரம் பத்து மில்லிகிராம் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். (இந்த அளவுகள் எல்லாம் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு.)

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாட்டினம் என்றதும் நகைக்கடை நினைவுக்கு வரும். சிஸ்பிளாட்டினின் எடையில் 65 சதவீதம் பிளாட்டினம்தான். ஆனாலும் முழு அளவு ஒன்று ஏறினால் உடம்புக்குள் போகும் உலோகம் ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. நம் நாட்டில் ஒரு குப்பி சில நூறு ரூபாய். இந்த மலிவுக்கும் ஒரு விலை உண்டு. லாபம் குறைவாக இருப்பதால் தயாரிப்பவர்கள் குறைந்துபோனார்கள். அமெரிக்காவின் சிஸ்பிளாட்டினில் ஏறத்தாழ பாதியை அனுப்பிக்கொண்டிருந்தது குஜராத்தில் உள்ள ஒரே ஆலை. 2022 இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே வந்தபோது தரக் கட்டுப்பாட்டு ஆவணங்கள் கிழித்துப் போடப்பட்டிருந்ததைக் கண்டார்கள், உற்பத்தி நின்றது. 2023-இல் உலகின் பணக்கார நாட்டில் யாருக்கு சிஸ்பிளாட்டின், யாருக்கு இல்லை என்று மருத்துவர்கள் பங்கிட வேண்டியதாயிற்று. கடைசியில் சீனாவிலிருந்து தற்காலிகமாக இறக்குமதி செய்தார்கள்.

புதிய பிளாட்டினம் மருந்து ஏன் 2002-க்குப் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை? முயற்சிக்குக் குறைவில்லை. நான்குக்குப் பதில் ஆறு கைகள் கொண்ட பிளாட்டினம் சேர்மங்கள் ரத்தத்தில் இன்னும் அமைதியாக இருக்கும். செல்லுக்குள் போனபிறகு இரண்டு கைகளை உதிர்த்துவிட்டு வழக்கமான வடிவத்துக்கு வரும். மாத்திரையாக விழுங்கலாம் என்பது அதன் கவர்ச்சி. அப்படி வந்த சாட்ராபிளாட்டின் புரோஸ்டேட் புற்றுநோயில் நோய் வளர்வதைத் தள்ளிப்போட்டது. ஆயுளை நீட்டவில்லை, அங்கேயே நின்றது. வாரிக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாட்லர் குழு, வெளிச்சம் பட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் பிளாட்டினம் சேர்மங்களில் உழைத்துவருகிறது. ரோசன்பெர்க்கின் மேசையில் தற்செயலாக நடந்த வெளிச்ச வினையை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். இதற்கிடையே புற்றுநோய் செல்களும் சும்மா இல்லை. உள்ளே விடும் வாசலைக் குறைக்கின்றன, கந்தகப் புரதங்களைச் சேர்த்துவைத்துப் பிளாட்டினத்தை மடக்குகின்றன, முடிச்சை அவிழ்க்கும் வேலையாட்களைப் பெருக்குகின்றன. சினைப்பைப் புற்றுநோயில் முதல் தடவை பிரமாதமாகக் கரைந்த கட்டி, திரும்பி வரும்போது பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம்.

கிருமிக்கு உலோகம் கொடுப்பது புதிதில்லை. 1910-இல் வந்த சால்வர்சான் என்ற ஆர்சனிக் மருந்துதான் சிபிலிசுக்கு முதல் நவீன மருந்து. கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆன்டிமனியிலிருந்து உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன், காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோயாளிகளைக் காப்பாற்றியது. தீக்காயத்துக்கு வெள்ளிக் களிம்பு இன்றும் போடுகிறோம். பெனிசிலின் வந்து, ஆன்டிபயாடிக்குகளின் பொற்காலம் வந்ததும் உலோகங்கள் ஓரம்கட்டப்பட்டன. இப்போது அந்த ஆன்டிபயாடிக்குகளுக்கே கிருமிகள் பழகிவிட்டன. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கீமோ எடுப்பவர்களுக்கு இது வெறும் எண்ணில்லை. வெள்ளணுக்கள் குறைந்த வாரத்தில் வரும் காய்ச்சலுக்கு வேலை செய்யும் ஆன்டிபயாடிக் இல்லையென்றால், புற்றுநோயை வென்றும் பயனில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கோ-ஆட் என்ற திட்டம் 2015-இல் தொடங்கியது. உலகின் எந்த மூலையில் இருக்கும் வேதியியலாளரும் தன் அலமாரியில் தூங்கும் சேர்மத்தில் துளியை அனுப்பலாம். முக்கியமான கிருமிகளுக்கு எதிராக இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். குவிந்தவற்றில் பெரும்பாலானவை வழக்கமான கரிமச் சேர்மங்கள். உலோகம் கொண்டவை 906. அவற்றில் பல, மருந்தை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவையே இல்லை. 2020-இல் ஆஞ்சலோ ஃப்ரை உள்ளிட்டோர் முடிவை வெளியிட்டார்கள்: உலோகச் சேர்மங்களில் 88, அதாவது ஏறத்தாழ பத்தில் ஒன்று, மனித செல்களைக் கொல்லாமல் ஏதாவது ஒரு கிருமியை நிறுத்தியது. மற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. தேறிய உலோகங்களில் பிளாட்டினமும் இருந்தது. தொழிற்சாலை வினையூக்கிகளின் வேதியியலில் புழங்கும் ஒரு பிளாட்டினம் சேர்மக் குடும்பம், பல மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை மிகக் குறைந்த அளவிலேயே தடுப்பதை அதே ஆய்வாளர்கள் அடுத்து எழுதினார்கள். அமெரிக்காவில் தாமஸ் வுட் குழு 2016-இல் பழைய சிஸ்பிளாட்டினையே எடுத்து, ஆன்டிபயாடிக் போட்டாலும் உறங்கிக்கொண்டு தப்பிக்கும் பாக்டீரியாக்களை அது கொல்வதைக் காட்டியது. உறங்கும் பாக்டீரியாவின் இயந்திரங்கள் ஓடாததால் வழக்கமான மருந்து எதைத் தாக்குவது என்று தெரியாமல் நிற்கும். டி.என்.ஏ. எப்போதும் இருக்கிறது, முடிச்சுப் போட அது விழித்திருக்க வேண்டியதில்லை.

1965-இல் பாக்டீரியாக்கள் ஏன் நூலாக நீண்டன என்பதும் இப்போது தெளிவு. டி.என்.ஏ. சேதமானதும் ஈ. கோலை ஓர் அபாயச் சங்கை ஊதி, பழுது சரியாகும்வரை பிரிவதை நிறுத்திவைக்கிறது. உடம்பு மட்டும் வளர்கிறது. நஞ்சு நீங்கினால் பழுதுபார்த்துவிட்டுப் பிரியும். ரோசன்பெர்க் நிறுத்தியதும் அவை மீண்டது இப்படித்தான். நல்ல புற்றுநோய் மருந்துக்கு அறிகுறியாகத் தெரிந்த அதே காட்சி, ஆன்டிபயாடிக் தேடுபவர் கண்ணில் தோல்வியாகத் தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எவ்வளவு கஷ்டத்தை நோயாளி பொறுப்பார் என்பது. உயிரைப் பறிக்கவிருக்கும் கட்டிக்காக ஒருவர் வாந்தியையும் காது இரைச்சலையும் நாள் முழுக்கச் சலைனையும் சகித்துக்கொள்கிறார். சிறுநீர்த் தொற்றுக்கு வந்தவரிடம் அதைச் சொல்ல முடியுமா? டி.என்.ஏ.வைத் தொடும் மருந்து பின்னாளில் புதிய புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தொற்றுக்கான பிளாட்டினம், டி.என்.ஏ. பக்கம் போகாமல் பாக்டீரியாவுக்கே உரிய வேறெதையாவது அடிப்பதாக இருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் ரத்தத்தில் ஏறிய ஒரு நாளுக்குள் அதன் பிளாட்டினத்தில் பெரும்பகுதி ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. கந்தகப் பாசம்தான். சோதனைக் குழாயில் மிகக் குறைந்த அளவில் கிருமியை நிறுத்திய சேர்மமும் ரத்தத்துக்குள் போனதும் இதே வலையில் சிக்கலாம்.

இதனால் என் ஊகம், இந்தச் சேர்மங்கள் ஜெயித்தால் முதலில் ஊசியாக வராது. ஆறாத காயத்தின் மேல் போடும் களிம்பாகவோ, சிறுநீர்க் குழாயும் செயற்கை மூட்டும் போன்ற கருவிகளின் மேற்பூச்சாகவோ, ரத்தமும் புரதமும் குறைவாக இருக்கும் இடங்களில்தான் தலைகாட்டும். அங்கேயும் காயத்தில் கசியும் நீர் உப்புநீர்தான். அந்தக் குளோரைடு தங்கள் சேர்மத்தை உறைக்குள் வைத்திருக்குமா, அல்லது ஆக்சாலிபிளாட்டினுக்குச் செய்வதைப்போலக் கெடுத்துவிடுமா என்பதைக் களிம்பு தயாரிப்பவர்கள் முதலில் பார்த்தாக வேண்டும்.